காசு கட்டாம கதை அனுப்பின ஒரு வருஷம்: தாராவி சித்தியோட அனுபவம்

கட்டணம் இல்லாத போட்டிங்களா தேடி சித்தி கதை அனுப்பினத எழுதலாமான்னு அவங்ககிட்ட கேட்டேன், பேர் போடாம எழுதுட்டி, மத்தபடி நடந்ததெல்லாம் அப்படியே சொல்லுன்னுட்டாங்க. அதனால பேர் மட்டும் இருக்காது. ஊர விட்டு வெளிய, மும்பை டெல்லி பெங்களூர்னு எங்கயோ உக்காந்து தமிழ்ல எழுதிகிட்டு, எங்க அனுப்புறது யார்கிட்ட கேக்குறதுன்னு தெரியாம நிறைய பேர் இருக்காங்க, அவங்களுக்காகத்தான் இது. 2024 செப்டம்பர்ல ஆரம்பிச்சு 2025 அக்டோபர் வரைக்கும் நடந்தது.

சித்தி யாருன்னு முதல்ல

சித்திக்கு இந்தக் கதை ஆரம்பிக்கும்போது 47 வயசு. திருநெல்வேலி பக்கம் சொந்த ஊர், 1998ல கல்யாணம் முடிஞ்ச கையோட தாராவி வந்தவங்க, 90 ஃபீட் ரோட்டுல இருந்து உள்ள போற ஒரு சந்துல வீடு. இட்லி வியாபாரம். ராத்திரி பூரா கிரைண்டர், காலைல மூணு மணிக்கு அடுப்பு, ஆறு மணிக்குள்ள சித்தப்பா அலுமினியப் பாத்திரத்த சைக்கிள்ல கட்டி ஹாரன் அடிச்சிகிட்டு சயான் குர்லா பக்கம் கிளம்பிருவாரு. பாத்திரமெல்லாம் கழுவி கவுத்தி வச்சு பத்து மணிக்கு மேலதான் சித்திக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும், அந்த நேரத்துலதான் எழுதுவாங்க. பத்தாவது வரைக்கும் படிச்சவங்க. லாங் சைஸ் நோட்டு, நீல பால்பாயிண்ட் பேனா, ஓரத்துல எல்லாம் அரிசி மாவு விரல் அடையாளம் காஞ்சு வெள்ளையா இருக்கும். முதல் வாசகி அவங்க பொண்ணு, என் தங்கச்சி, அப்ப பன்னெண்டாவது படிச்சிட்டு இருந்தா. ரெண்டாவது நான்.

நான் சும்மா சொந்தக்காரின்னு சொல்லல, சித்தி நல்லா எழுதுவாங்க. கிணத்துல விழுந்த சருவத்த எடுக்க பாதாளக் கரண்டி கடன் வாங்கப் போற ஒரு பொம்பளையப் பத்தி ஒரு கதை, மூணு பக்கம்தான், படிச்சு முடிச்சதும் எனக்கு பேச்சு வரல. அந்தக் கதைதான் வீணாப் போச்சு.

அந்தக் கதைக்கு நடந்தது

2024 ஜூன்ல வாட்ஸ்அப்ல ஒரு போஸ்டர் வந்துச்சு. மாபெரும் சிறுகதைப் போட்டி, தேர்வாகும் கதைகள் சாதனை நூலா வரும், பங்கேற்பாளர் அனைவருக்கும் சான்றிதழ்னு. பதிவுக் கட்டணம் 299 ரூபா. சித்தி தங்கச்சிய விட்டு போட்டோ எடுத்து அனுப்பினாங்க, ஜிபேல 299 போட்டாங்க. நாலே நாள்ல "வாழ்த்துகள், உங்கள் கதை தேர்வு"ன்னு மெசேஜ். வீட்டுல அன்னைக்கு கேசரி கிண்டினாங்க, எனக்கு ஒரு டப்பால குடுத்து விட்டாங்க, அத இப்ப நினைச்சாலும் ஒரு மாதிரி இருக்கு. அப்புறம் வந்துச்சு அடுத்த மெசேஜ், புத்தகத்துல கதை வரணும்னா குறைஞ்சது மூணு காப்பி வாங்கணும், ஒண்ணு 350. அப்புறம் கேடயத்துக்கும் கூரியருக்கும் 750. மொத்தம் 2,099 ரூபா.

புத்தகம் ஆகஸ்ட்ல வந்துச்சு. எண்ணிப் பாத்தேன், 120 பேர் கதை. அட்டைக்குப் பின்னாடி குரூப் போட்டோ மாதிரி குட்டி குட்டியா மூஞ்சி. சித்தி பேர்ல ஒரு எழுத்து தப்பு. நடுவுல ஒரு பத்தி விட்டுப் போச்சு, பாதாளக் கரண்டி கிடைச்சதா இல்லையான்னே தெரியாம கதை முடியுது. கேடயத்துல "முதல் பரிசு"ன்னு இருந்துச்சு, பெருமையா அத டிவி மேல வச்சாங்க, ஒரு வாரம் கழிச்சு குரூப்ல எல்லாரும் அவங்கவங்க கேடயத்த போட்டோ போட்டாங்க, எல்லாத்துலயும் முதல் பரிசு.

அன்னைக்கு சித்தி கேட்ட கேள்விதான் இந்த ஒரு வருஷத்துக்கும் அடிப்படை. "ஏட்டி, பரிசு குடுக்கவன் நம்மகிட்ட எதுக்கு துட்டு கேக்கான்?"

நான் உக்காந்து கணக்கு போட்டேன். 120 பேர், ஆளுக்கு 2,099 கட்டியிருந்தா 2,51,880 ரூபா. மூணு மூணு காப்பின்னா 360 புத்தகம், அடிக்கிற செலவு காப்பிக்கு நூறுன்னு தாராளமா வச்சாலும் 36,000. கேடயம் கூரியர் எல்லாம் கழிச்சாலும் மிச்சம் எங்க போகுதுன்னு தெரியுது. அங்க வாசகரே கிடையாது, எழுதினவங்கதான் கஸ்டமர். அந்தப் புத்தகத்த வெளி ஆள் ஒருத்தர் கடையில காசு குடுத்து வாங்கியிருப்பாரான்னு எனக்கு சந்தேகம்தான்.

அதுல இருந்து நான் ஒரு போட்டியப் பாத்தா முதல்ல பரிசுப் பணம் யார் பையில இருந்து வருதுன்னுதான் பாக்குறேன். தபால் துறை குடுக்குதா, பத்திரிகை குடுக்குதா, ஒரு அறக்கட்டளை குடுக்குதா, இறந்து போன ஒருத்தர் நினைவா குடும்பம் குடுக்குதா, சரி. பணம் எங்கிருந்து வருதுன்னே தெரியலைன்னா அது நம்மகிட்ட இருந்துதான் வரப் போகுது, இன்னைக்கு இல்லாட்டி தேர்வானதுக்கு அப்புறம்.

ஒண்ணு நியாயமா சொல்லிடணும். கட்டணம் வாங்குற எல்லாருமே ஏமாத்துறவங்க இல்ல. வெளிநாட்டுல மரியாதையான இலக்கியப் பத்திரிகைங்களே வாசிப்புக் கட்டணம்னு சில டாலர் வாங்குது, ஆயிரக்கணக்குல கதை வரும்போது படிக்கிறவங்களுக்கு ஏதாவது குடுக்கணும்ல. ஆனா இட்லி வித்து வர்ற காசுல ஒரு கதைக்கு டாலர்ல கட்டி அனுப்புன்னு நான் சித்திகிட்ட சொல்ல மாட்டேன். எங்களுக்கு இலவசம் மட்டும்தான்னு முடிவு பண்ணிட்டோம்.

தேட ஆரம்பிச்சது

முதல் மாசம் முழுக்க வேஸ்ட். "இலவச சிறுகதைப் போட்டி"ன்னு தேடினா மூணு வருஷம் முன்னாடி முடிஞ்ச அறிவிப்பெல்லாம் மேல வருது, தேதியப் பாக்காம ரெண்டு தடவ சித்திய உக்கார வச்சு எழுதவே ஆரம்பிக்க வச்சிட்டேன், அப்புறம் பாத்தா 2021. ஃபார்வர்ட் போஸ்டர்ல பாதிக்கு வருஷமே இருக்காது, "கடைசி தேதி 30"ன்னு மட்டும் இருக்கும்.

அப்புறம் ஒரு நாள் ட்ரெயின்ல வரும்போது தோணுச்சு, நான் அறிவிப்பத் தேடுறேன், முடிவத் தேடவே இல்லையே. போஸ்டர் யார் வேணா போடலாம், ஆனா போன வருஷம் ஜெயிச்சது யாரு, கதை எங்க வந்துச்சு, நடுவர் யாருன்னு வெளிய சொல்றவங்க கொஞ்ச பேர்தான். "சிறுகதைப் போட்டி முடிவுகள்", "பரிசு பெற்ற சிறுகதை", "பரிசளிப்பு விழா" இப்படித் தேட ஆரம்பிச்சதும் குப்பை முக்காவாசி போயிடுச்சு. ஜெயிச்சவங்க கதைய ஒண்ணு ரெண்டு படிச்சும் பாத்துடலாம், அந்த நடுவருங்களுக்கு என்ன பிடிக்குதுன்னு தெரியும். அப்புறம் அது எந்த மாசம் அறிவிச்சாங்க எந்த மாசம் முடிச்சாங்கன்னு சித்தியோட நோட்டுல பின்பக்கம் எழுதி வச்சோம். வருஷா வருஷம் நடக்குறது அனேகமா அதே மாசத்த ஒட்டித்தான் வரும், அதனால அறிவிப்பு வர்றதுக்கு முன்னாடியே கதைய தயாரா வச்சுக்கலாம். பத்து நாள்ல அவசர அவசரமா எழுதி அனுப்புற வேலையே இல்ல.

தபால் ஆபீஸ்

யாருமே கண்டுக்காத இடம் இதுதான், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். இந்திய அஞ்சல் துறை வருஷா வருஷம் "டாய் ஆகர்"னு ஒரு கடிதப் போட்டி வைக்குது. இந்தில ரெண்டரை எழுத்துன்னு அர்த்தம், கபீரோட தோஹாங்கிற ரெண்டு வரிப் பாட்டுல வர்ற வார்த்தை. 18 வயசு வரைக்கும் ஒரு பிரிவு, அதுக்கு மேல ஒரு பிரிவு, மேல் வரம்பு கிடையாது. இன்லேண்ட் லெட்டர்ல எழுதினா 500 வார்த்தைக்குள்ள, ஏ4 தாள்ல எழுதி கவர்ல போட்டா 1,000 வார்த்தைக்குள்ள. கையாலதான் எழுதணும். மாநில அளவுல ஒவ்வொரு பிரிவுக்கும் 25,000, 10,000, 5,000 ரூபா பரிசு, தேசிய அளவுல 50,000, 25,000, 10,000. இதுக்கு ஆகுற செலவு இன்லேண்ட் லெட்டர் விலை 2 ரூபா 50 காசு.

2024-25க்கு தலைப்பு, எழுதுறதோட மகிழ்ச்சி, டிஜிட்டல் காலத்துல கடிதத்தோட முக்கியத்துவம்னு. சித்திக்கே குடுத்த மாதிரி இருந்துச்சு. ஆனா ஒரு சிக்கல். மொழி இங்கிலீஷ், இந்தி, இல்லைன்னா உள்ளூர் மொழி. தாராவில தமிழ் உள்ளூர் மொழி மாதிரிதான், ஆனா தபால் ஆபீஸ் கவுண்டர்ல கேட்டதுக்கு இங்க மராட்டிதான்னு சொன்னாங்க, அவங்க சொல்றதும் சரிதான். சித்திக்கு இந்தி பேச்சு தண்ணி பட்ட பாடு, மார்க்கெட்டுல பேரம் பேசினா எதிர்ல நிக்கிறவன் அசந்துருவான், ஆனா எழுத வராது. தங்கச்சி அவளோடத இந்தில எழுதி இங்க போட்டா. சித்தி விட்டுட்டாங்க.

டிசம்பர்ல முடியுறதா இருந்தத ஜனவரி 31, 2025 வரைக்கும் நீட்டினாங்க. சித்தி பொங்கலுக்கு ஊருக்குப் போனாங்க. அங்க போஸ்ட் ஆபீஸ்ல கேட்டாங்க, தமிழ்ல எழுதி சென்னை முதன்மை அஞ்சல் தலைவருக்கு அனுப்பலாம்னு சொன்னாங்க. மாட்டுப் பொங்கல் கழிஞ்சு திண்ணையில உக்காந்து எழுதியிருக்காங்க. முதல்ல வெத்துத் தாள்ல எழுதி, பத்து வார்த்தைக்கு ஒரு தடவ பென்சில்ல ஒரு கோடு, அப்படி 49 கோடு வந்ததும் நிறுத்தி, அப்புறம் இன்லேண்ட்ல நுணுக்கி நுணுக்கி. எழுதினது தாத்தாவப் பத்தி. தாத்தா பம்பாய்ல மில்லுல இருந்தப்ப ஊருக்கு எழுதுற கடிதத்துல கடைசி மடிப்புல, ஒட்டுற இடத்துக்கு ஓரத்துல, பாட்டிக்கு மட்டும் ரெண்டு வரி இருக்குமாம், கடிதத்தப் பிரிக்கிறவங்க அவசரத்துல கிழிச்சா அந்த ரெண்டு வரிதான் முதல்ல கிழியும். அதனால பாட்டி நீராவில காட்டித்தான் பிரிப்பாங்களாம். இட்லிப் பானை நீராவில. கடைசில 18 வயசுக்கு மேலன்னு ஒரு உறுதிமொழி எழுதணும், அதையும் எழுதி ஒட்டி பெட்டியில போட்டுட்டாங்க. நகல் எடுக்கல. எனக்கு அதுதான் வருத்தம், எத அனுப்புறதா இருந்தாலும் போன்ல ஒரு போட்டோவாவது எடுத்து வச்சுக்கோங்க, ப்ளீஸ்.

வீட்டுல சின்னப் பசங்க இருந்தா இன்னொண்ணும் இருக்கு, உலக அஞ்சல் ஒன்றியத்தோட சர்வதேசக் கடிதப் போட்டி, 1971ல இருந்து நடக்குது, 9ல இருந்து 15 வயசு வரைக்கும், இந்தியால அஞ்சல் துறை மூலமாத்தான் கலந்துக்கணும். இங்கிலீஷ்ல எழுதுற பசங்களுக்கு காமன்வெல்த் கட்டுரைப் போட்டின்னு ஒண்ணு, 1883ல ஆரம்பிச்சது, 18 வயசு வரைக்கும், அதுவும் இலவசம். ஸ்கூல்ல இதெல்லாம் நோட்டீஸ் போர்டுல ஒட்டவே மாட்டேங்குறாங்க, எனக்கு அது ஆறவே மாட்டேங்குது. தாராவில எத்தனை பிள்ளைங்க நல்லா எழுதுதுங்க.

பத்திரிகைப் போட்டிங்க

இது நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச வழி. கல்கி நினைவுச் சிறுகதைப் போட்டி, வாரமலரோட டி.வி.ஆர். நினைவு சிறுகதைப் போட்டி, இந்தப் பேரெல்லாம் எங்க வீட்டுல பாட்டி காலத்துல இருந்தே தெரியும். கட்டணம் கிடையாது. பரிசுப் பணம் பத்திரிகையோடது, அவங்களுக்கு வாசகர் இருக்காங்க, கதை தேவைப்படுது, கணக்கு நேரா இருக்கு. பெரிய பத்திரிகை தவிர சின்ன இலக்கிய இதழ்களும் இணைய இதழ்களும் அப்பப்ப நடத்துறாங்க, பரிசு கம்மியா இருக்கும் ஆனா படிக்கிறவங்க கவனமாப் படிப்பாங்க. மும்பைல தமிழ்ப் பத்திரிகை வாங்க மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் போகணும், மாசம் ஒரு தடவ நான் போயி நாலஞ்சு வாங்கி வருவேன், அறிவிப்பு வந்த பக்கத்த கிழிச்சு நோட்டுல ஒட்டிடுவோம்.

இங்க சித்தி கத்துக்கிட்டது உறுதிமொழிக் கடிதம். "இது என் சொந்தக் கற்பனை, தழுவலோ மொழிபெயர்ப்போ அல்ல, இதுவரை எங்கும் வெளிவராதது, முடிவு தெரியும் வரை வேறெங்கும் அனுப்ப மாட்டேன்." இது இல்லாம அனுப்பினா படிக்காமலே ஓரமா வச்சிருவாங்க. கடைசி வரியத்தான் யோசிக்கணும், முடிவு வர நாலு மாசம் ஆறு மாசம் ஆச்சுன்னா அந்தக் கதை அது வரைக்கும் பூட்டிக் கிடக்கும். கையில மூணே கதை இருக்குறவங்களுக்கு அது சின்ன விஷயம் இல்ல. ஒரு இணையப் போட்டி மூணு தடவ தேதிய தள்ளி வச்சாங்க, ஆறு மாசம் ஆனதும் கதைய திரும்பப் பெறுறோம்னு மரியாதையா ஒரு மெயில் போட்டுட்டு எடுத்துட்டோம். அப்படி எடுக்கலாம்னே நிறைய பேருக்குத் தெரியாது.

"எங்கும் வெளிவராதது"ங்கிறதும் அப்படித்தான். ஃபேஸ்புக்ல போட்டாலே வெளியானதுன்னு எடுத்துக்கிற போட்டிங்க இருக்கு, கதை ஆப்ல போட்டாலும் அதே கதிதான். அதனாலதான் பாதாளக் கரண்டிக் கதைய வேற எங்கயும் அனுப்ப முடியல, அந்தப் புத்தகத்துல அரைகுறையா வந்ததே வெளியீடு ஆயிடுச்சு. 2,099 போனது கூட பரவாயில்லன்னு சித்தப்பா சொல்லிட்டாரு. கதை போனதத்தான் தாங்க முடியல.

ஃபார்ம்ல டிக் பண்ற வரி

அந்தப் பழைய போட்டி கூகுள் ஃபார்ம்ல கடைசில ஒரு டிக் இருந்துச்சு, "படைப்பின் முழு உரிமையும் பதிப்பாளருக்கே". நாங்க யாருமே படிக்கல. அதுக்கப்புறம் நான் 1957 பதிப்புரிமைச் சட்டத்த எடுத்து 19ஆம் பிரிவ படிச்சேன், வக்கீல் இல்ல நான், ஆனா புரியுற மாதிரித்தான் இருக்கு. உரிமைய ஒருத்தருக்கு எழுதிக் குடுக்கணும்னா எழுத்துல இருக்கணும், எழுதினவர் கையெழுத்து போட்டிருக்கணும், எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எத்தனை வருஷத்துக்கு, எந்த எல்லைக்குள்ள, எவ்வளவு பணம்னு சொல்லியிருக்கணும். காலம் சொல்லலைன்னா அஞ்சு வருஷம்தான்னு எடுத்துக்கணும், எல்லை சொல்லலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும். எழுதினவங்க இறந்து 60 வருஷம் வரைக்கும் உரிமை இருக்குற ஒரு பொருள், அத ஒரு சான்றிதழுக்காக ஒரு டிக்ல குடுத்துடுறோம்.

அதுக்கப்புறம் நாங்க பாத்தது இந்த ஒண்ணுதான். "வெற்றி பெற்ற கதைகளை வெளியிடும் உரிமை"ன்னு இருந்தா சரி, நியாயம்தான், பரிசு குடுக்குறவங்க வெளியிடத்தான் செய்வாங்க. "அனுப்பப்படும் அனைத்துப் படைப்புகளின் உரிமையும்"னு இருந்தா வேணாம். தோத்த கதைக்கும் சேத்து உரிமை கேக்குறவங்க பரிசுக்காக போட்டி நடத்தல, அவங்களுக்கு ஓசில கதை வேணும். இப்படி ரெண்டு அறிவிப்ப ஒதுக்கினோம், ரெண்டும் "முற்றிலும் இலவசம்"னு கொட்டை எழுத்துல போட்டிருந்ததுதான். லைக் வாங்கினா ஜெயிக்கலாம்ங்கிற போட்டியையும் விட்டோம், அதுக்கு எழுத்து வேணாம், பெரிய சொந்தபந்தம் போதும்.

வயசு

இதுல சித்திக்கு ரொம்ப மனசு கஷ்டமாச்சு. நல்ல நல்ல திட்டமெல்லாம் முப்பது, முப்பத்தஞ்சு வயசோட முடியுது. 2021ல ஆரம்பிச்ச பி.எம். யுவாங்கிற இளம் எழுத்தாளர் திட்டம், மத்திய அரசோட நேஷனல் புக் டிரஸ்ட் நடத்துறது, தமிழ்லயும் எழுதலாம், முதல் தடவ 75 பேர எடுத்தாங்க, மாசம் 50,000 வீதம் ஆறு மாசம் குடுக்குறாங்க, புத்தகம் வந்தா 10 சதவீதம் ராயல்டி. ஆனா 30 வயசுக்குள்ள. சாகித்ய அகாடமி இளம் எழுத்தாளருக்கு குடுக்குற யுவ புரஸ்கார் விருது 35க்குள்ள, அதுவும் புத்தகம் வந்திருக்கணும். 21 வயசுல கல்யாணம் ஆகி, பிள்ளைங்கள வளத்து, நாப்பது தாண்டி எழுத உக்காருற பொம்பளைங்களுக்கு என்ன இருக்குன்னு தேடினா பத்திரிகையும் தபால் ஆபீசும்தான். முப்பதுக்குள்ள இருக்குறவங்க இத விடாதீங்க, அவ்ளோதான் சொல்வேன். தங்கச்சிக்காக குறிச்சு வச்சிருக்கோம்.

அனுப்பினதும் வந்ததும்

ஆறு இடம். தபால் துறை கடிதம், சித்தியோடது தங்கச்சியோடது ரெண்டுக்கும் பரிசு இல்ல. ஒரு வாரப் பத்திரிகைப் போட்டி, ரிசல்ட்ல பேர் இல்ல. தள்ளி வச்சுகிட்டே போன இணையப் போட்டி, அத எடுத்துட்டோம். சின்ன இலக்கிய இதழ் ஒண்ணு, அதுல பரிசு இல்ல ஆனா ரெண்டு மாசம் கழிச்சு ஆசிரியரே போன் பண்ணி, அம்மா உங்க கதைய சாதாரணப் பிரசுரத்துக்கு எடுத்துக்கலாமான்னு கேட்டாரு. சித்தி உடனே, "எவ்வளவு கட்டணும்"னு கேட்டுட்டாங்க. அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லையாம். அப்புறம், நாங்கதாம்மா உங்களுக்கு அனுப்பணும்னு சொல்லி 500 ரூபாயும் ரெண்டு இதழும் அனுப்பினாரு. பேர் சரியா இருந்துச்சு, ஒரு பத்தியும் விடுபடல.

அஞ்சாவது, இங்க மும்பையிலயே ஒரு தமிழ் அமைப்பு நடத்தின போட்டி, மூணாம் பரிசு, 1,000 ரூபா. இது எந்த இணையத்துலயும் வரல, ஹால் வாசல்ல பிரிண்ட் அவுட் ஒட்டியிருந்தாங்க, சித்தப்பா இட்லி குடுக்கப் போனப்ப பாத்துட்டு வந்து சொன்னாரு. எத்தனை பேர் எழுதினாங்கன்னு விசாரிச்சேன், 19 பேர்தான். ஊர்ப் போட்டிங்கள்ல கூட்டமே இருக்காது, ஏன்னா யாருக்கும் சேதியே போறதில்ல. டெல்லி, பெங்களூர்லயும் தமிழ்ச் சங்கம் இருக்கு, நேர்ல ஒரு தடவ போயி போர்டப் பாத்துட்டு வாங்க. பரிசளிப்புக்கு வெளியூர் வரச் சொன்னா மட்டும் டிக்கெட் செலவ முன்னாடியே யோசிச்சுக்கோங்க, இங்க எங்களுக்கு சயான்ல இருந்து ஆட்டோ காசோட முடிஞ்சுது.

ஆறாவது

காமன்வெல்த் சிறுகதைப் பரிசு. 2012ல இருந்து நடக்குது, இந்தியாவும் சேந்த காமன்வெல்த் நாடுங்களோட குடிமக்கள் 18 வயசுக்கு மேல யார் வேணா அனுப்பலாம், கட்டணம் கிடையாது, பணம் காமன்வெல்த் அறக்கட்டளையோடது. தமிழ்லயே அனுப்பலாம். இத முதல்ல தங்கச்சிதான் சொன்னா, நான் நம்பல, விதிமுறையில மொழிப் பட்டியல்ல தமிழ்னு இருந்தத என் கண்ணால பாத்ததுக்கு அப்புறம்தான் நம்பினேன். நாடுங்கள மண்டலமா பிரிச்சு மண்டலத்துக்கு ஒரு பரிசு, 2,500 பவுண்ட், மொத்தத்துல ஜெயிச்சா 5,000 பவுண்ட். 2024ல அத வாங்கினது மும்பைக்காரங்க, சஞ்சனா தாக்கூர், அந்த வருஷம் ஏழாயிரத்துக்கு மேல கதை வந்துச்சு. அதனால ஆசை வைக்கலாம், எதிர்பார்ப்பு வைக்கக் கூடாதுன்னு சித்திகிட்ட சொல்லிட்டேன்.

செப்டம்பர்ல திறந்து நவம்பர் 1ல மூடுறாங்க. 2024ல எங்களுக்குத் தெரிய வந்தது அக்டோபர் கடைசி. குறைஞ்சது 2,000 வார்த்தை, அதிகபட்சம் 5,000. சித்திகிட்ட இருந்த கதையெல்லாம் 1,200, 1,400. நீட்டிடலாமான்னு நான் கேட்டேன், மாவுல தண்ணி ஊத்தச் சொல்லுதியான்னு கேட்டாங்க. சரின்னு அந்த வருஷம் விட்டுட்டோம். தமிழ்ல 2,000 வார்த்தைங்கிறது சின்னது இல்ல, "போய்க்கொண்டிருந்தவர்களுக்கு"ன்னு இங்கிலீஷ்ல அஞ்சாறு வார்த்தைல சொல்றத நாம ஒரே வார்த்தைல சொல்றோம், எண்ணிப் பாத்தா ஒண்ணுதான்.

புதுசா ஒரு கதை எழுதினாங்க, 2025 மார்ச்ல ஆரம்பிச்சு ஆகஸ்ட் வரைக்கும். நோட்டுல 31 பக்கம். டைப் பண்றதுதான் பெரிய பாடு. டிடிபி கடையில பக்கத்துக்கு 40 ரூபா கேட்டான், எங்க அனுப்பினாலும் எழுத்து சரியா தெரியுற யூனிகோடுல வேணும்னதுக்கு அவன்கிட்ட இருந்தது பழைய ஃபாண்ட், அத வெளிய அனுப்பினா கட்டம் கட்டமா தெரியும். அதனால போன்ல கீபோர்டுல மைக்க அமுக்கி சித்தி வாசிக்க வாசிக்க அதுவே எழுதுச்சு. திருநெல்வேலித் தமிழ் அதுக்கு முக்காவாசி புரிஞ்சுது, "அவிய வந்தாவ"ன்னா ஏதேதோ போட்டுச்சு, அத தங்கச்சி ஒவ்வொரு வரியா திருத்தினா. கிரைண்டர் சத்தம் இல்லாத நேரம் பாத்து, மத்தியானம் ஒண்ணுல இருந்து ரெண்டு, எட்டு நாள். எண்ணினப்ப 2,340 வார்த்தை.

அக்டோபர் 19, ஞாயித்துக்கிழமை அனுப்பினோம். ஃபார்ம்ல பேர் விலாசம் எல்லாம் கேக்குறாங்க, ஆனா கதை இருக்குற ஃபைல்ல எழுதினவங்க பேர் எங்கயும் இருக்கக் கூடாது, யாரோடதுன்னு தெரியாமத்தான் படிப்பாங்க. சித்தி முதல் பக்கத்துல தலைப்புக்குக் கீழ பேர் போட்டிருந்தாங்க, தங்கச்சி அத அழிச்சா.

"பேரே வேண்டாமாட்டி?"ன்னு கேட்டாங்க.

வேணாம் சித்தி, கதைய மட்டும்தான் பாப்பாங்கன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் ஸ்க்ரீனையே பாத்துட்டு இருந்தாங்க. அப்புறம் கடைசிப் பக்கத்துக்கு போகச் சொல்லி, கடைசிப் பத்தி முழுசா இருக்கான்னு விரல வச்சு ஒவ்வொரு வரியா படிச்சுப் பாத்தாங்க, இருந்துச்சு. சரி அமுக்குன்னாங்க. கிடைச்சுதுன்னு மெயில் வந்ததும் அத நான் தமிழ்ல சொல்லச் சொல்ல நோட்டுல பின்பக்கம் எழுதிகிட்டாங்க, தேதி, கதைப் பேரு, ரிசல்ட் ஏப்ரல் மே வாக்குலன்னு. செலவுன்னு ஒரு கட்டம் போட்டிருக்கோம், அதுல ஒரு கோடு.